பொன்விழாவும் வீட்டுக் கடனும்

(நமது பங்கின் பொன்விழாத் தயாரிப்பாக நடைபெற்ற குடும்ப மாலைக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



நமது பங்கு தோன்றி 50 ஆண்டுகள் நிறைவுறுகின்றன. இந்த நாள்களில் குடும்பத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்று விழாக் குழுவினர் கேட்டுக்கொண்டார்கள். குடும்பம் என்றதும் கணவன் மனைவி ஒற்றுமை, பிள்ளை வளர்ப்பு, மாலைச் செபமாலை ஆகியவற்றைப் பற்றி நாம் பேசுவோம் என்று நீங்கள் எதிர்பார்த்திருப்பீர்கள். அவை யாவும் வேண்டியவையே. ஆனால் இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் வீட்டுக் கடன். "சாமியாருக்கு எதற்கு இந்தக் கணக்கு வழக்கு? அதுவும் விழா நேரத்தில்?" என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும்.

பொன்விழாவை யூபிலி என்கிறோம். அந்தச் சொல் நமக்கு வந்தது லேவியர் நூலிலிருந்து. அந்நூலின் 25-ஆம் அதிகாரத்தில், 50-ஆம் ஆண்டு எப்படிக் கொண்டாடப்பட வேண்டும் என்று ஆண்டவர் மோசேக்குக் கட்டளையிடுகிறார். கொம்பு ஊதச் சொல்கிறார். அதன்பின் என்ன? வறுமையால் கைவிட்டுப் போன நிலம் உரிய குடும்பத்துக்குத் திரும்ப வேண்டும். தன்னையே விற்றுக்கொண்டு அடிமையானவன் தன் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். ஆக, முதல் யூபிலி மின்விளக்குகளாலும் மேளத்தாலும் ஆனதன்று. அடகு போன நிலமும், அடகு போன மனிதனும் வீடு திரும்பிய விழா அது. 2025-ஆம் ஆண்டை யூபிலி ஆண்டாக அறிவித்தபோது, ஏழை நாடுகளின் கடனைத் தள்ளுபடி செய்யுமாறு செல்வ நாடுகளைத் திருத்தந்தை பிரான்சிஸ் கேட்டுக்கொண்டதும் இதனாலேயே. நாடுகளின் கடனைப் பற்றி நாம் அதிகம் செய்ய இயலாது. நம் தெருவில் உள்ள வீடுகளின் கடனைப் பற்றி ஏதேனும் செய்ய இயலும்.

இதைப் பேசுவதற்கு முன், நம் தவறு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பொன்விழாவுக்கென்று வீட்டுக்கு 2,000 ரூபாய் வரி என்று சென்ற ஆண்டு தீர்மானித்தோம். கோயிலுக்கு முன் புதிய மணிக்கூண்டு கட்டுவது அன்றைய திட்டம். வரி கொடுத்தோர் பெயரைக் கோயில் வாசலில் எழுதிப் போட்டோம். நல்ல எண்ணத்தோடுதான் செய்தோம். சில வாரங்கள் கழித்து, ஞாயிறு திருப்பலியில் நன்மை வழங்கிக்கொண்டிருந்தபோது, எதிரே நின்ற கைம்பெண் ஒருவரின் காதில் கம்மல் இல்லை. துளை தூர்ந்துவிடாதபடி ஈர்க்குச்சி ஒன்றைச் செருகியிருந்தார். தீப்பெட்டி ஆபீசுக்குச் சென்று இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைக்கும் தாய் அவர். பூசை முடிந்தபின் தனியே அழைத்து, "என்னம்மா, கம்மல் எங்கே?" என்று கேட்டோம். முதலில் சொல்லவில்லை. பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "எல்லாரும் குடுத்துப் பேரு எழுதியிருக்கும்போது நான் மட்டும் குடுக்காம இருந்தா நல்லாவா இருக்கும், சாமி? அடகு வெச்சுத்தான் குடுத்தேன்" என்றார்.

அன்று இரவு நெகேமியா நூலின் 5-ஆம் அதிகாரத்தை எடுத்துப் படித்தோம். எருசலேமின் மதிலைக் கட்டுகிறார்கள். மிக நல்ல வேலை. அந்த நேரத்தில் ஏழை மக்கள் கூக்குரலிடுகிறார்கள்: பஞ்சத்துக்கு வயலையும் வீட்டையும் அடகு வைத்தோம், அரசனின் வரியைச் செலுத்தக் கடன் வாங்கினோம், கடன் கொடுத்தவர்களோ நம் சொந்தச் சகோதரர்கள். நெகேமியா கோபம் கொள்கிறார். ஆயினும் பிறரை மட்டும் குறை கூறிவிட்டு நிற்கவில்லை. தாமும் தம் ஆள்களும் கடன் கொடுத்திருப்பதைச் சபையில் ஒப்புக்கொண்டு, வயல்களையும் வீடுகளையும் திருப்பிக் கொடுக்கச் செய்கிறார். மதில் கட்டும் வேலையைக் காட்டிலும் அது அவருக்கு முக்கியமாயிருந்தது.

மறுவாரம் பங்குப் பேரவை கூடியது. வாசலில் இருந்த பெயர்ப் பலகை எடுக்கப்பட்டது. வரி என்பது விரும்பியோர் தரும் காணிக்கை ஆயிற்று. மணிக்கூண்டுக்காகக் கடன் வாங்கலாம் என்றிருந்த எண்ணத்தையும் கைவிட்டோம். கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்று லூக்கா நற்செய்தியில் ஆண்டவர் சொன்னது பங்குக் கோயிலுக்கும் பொருந்தும் அல்லவா? கூரையின் ஒழுக்கை அடைத்து வெள்ளையடித்ததோடு நிறுத்திக்கொண்டோம். அந்தத் தாயின் கம்மலை வின்சென்ட் தே பவுல் சபையினர் மீட்டுக் கொடுத்தார்கள். அவரோ அதை இனாமாக ஏற்க மறுத்து, மாதம் 100 ரூபாய் வீதம் சபைக்குத் திருப்பிச் செலுத்தி முடித்துவிட்டார்.

அந்த நிகழ்ச்சிக்குப் பின் வீடு சந்திக்கச் செல்லும்போதெல்லாம் கடனைப் பற்றிக் கேட்கத் தொடங்கினோம். மற்ற எதையும் சொல்லும் மக்கள் இதை மட்டும் சொல்லத் தயங்குகிறார்கள். கணவன் வாங்கிய கடன் மனைவிக்குத் தெரியாது. மனைவி மகளிர் குழுவில் எடுத்த தொகை கணவனுக்குத் தெரியாது. வீட்டின் மூலப்பத்திரம் யாரிடம் இருக்கிறது என்பது வளர்ந்த மகனுக்கும் தெரியாது. நோயை மறைத்தால் நோய் முற்றும். கடனும் அப்படியே. 2017-ஆம் ஆண்டு அக்டோபரில் திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பமே தீயில் கருகிய செய்தியை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். அந்தச் சின்னஞ்சிறு குழந்தைகளை நினைத்தால், இது வெறும் பணக் கணக்கு என்று எப்படிச் சொல்வோம்?

கடன்பட்டவர்கள் எல்லாரும் ஊதாரிகள் என்று எண்ணுவது அநியாயம். நாம் கண்ட வீடுகளில் மருத்துவமனைச் செலவு, மகளின் கல்லூரிக் கட்டணம், மழையில் இடிந்த சுவர், வேலைக்காக வெளிநாட்டுக்குப் போகக் கட்டிய பணம் ஆகியவையே பெரும்பாலும் காரணங்கள். திருமணத்துக்கும் சடங்குக்கும் வாங்கிய கடன்களும் உண்டு. அவற்றைப் பற்றிப் பின்னர் சொல்வோம். தலைக்கு மேல் கூரை வேண்டும் என்று வாங்கிய கடன் ஒன்று. நாலு பேர் மெச்ச வேண்டும் என்று வாங்கிய கடன் வேறொன்று. ஆனால் வட்டி இவ்விரண்டையும் வேறுபடுத்திப் பார்ப்பதில்லை.

ஆகவே முதலில் வட்டி என்பது என்ன என்று தெளிவாகப் புரிந்துகொள்வோம். நம் பக்கத்தில் "அஞ்சு வட்டி" என்றால் 100 ரூபாய்க்கு மாதம் 5 ரூபாய். கேட்கச் சிறியதாக இருக்கிறது. ஆண்டுக்கு அது 60 ரூபாய். பத்து வட்டி என்றால் ஆண்டுக்கு 120. வாங்கிய தொகையைவிட அதிகம். ஆண்டு முழுதும் தவறாமல் கட்டிய பின்னும் அசல் அப்படியே நிற்கும். தண்டல் இன்னும் தந்திரமானது. 10,000 ரூபாய் என்று பேசி, 1,000 ரூபாயை முதலிலேயே பிடித்துக்கொண்டு 9,000 தருவார்கள். நாள் ஒன்றுக்கு 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். "9,000-க்கு 1,000 ரூபாய்தானே" என்று தோன்றும். ஆனால் மறுநாள் முதலே பணத்தைத் திருப்பிக் கொடுக்கத் தொடங்கிவிடுகிறோம். 9,000 ரூபாய் முழுவதும் 100 நாளும் நம் கையில் இருப்பதில்லை. சராசரியாகப் பாதிதான் இருக்கிறது. சரியாகக் கணக்கிட்டால் இந்த வட்டி ஆண்டுக்கு நூற்றுக்கு 75-ஐத் தாண்டுகிறது. மீட்டர் வட்டி, கந்துவட்டி, தண்டல் முதலிய அநியாய வட்டிகளைத் தடைசெய்து 2003-ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் சட்டம் இயற்றப்பட்டது. மீறுவோருக்கு 3 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை உண்டு. அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு தமக்கு உண்டு என்று அறியாமலே அஞ்சி வாழ்கிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்.

அடுத்து, வீட்டை அடமானம் வைத்து வங்கியில் வாங்கும் கடன். இதில் வட்டி குறைவு, நியாயமானது. ஆயினும் இதன் நடைமுறையையும் தெரிந்துகொள்ள வேண்டும். எடுத்துக்காட்டாக, 10 லட்சம் ரூபாய், ஆண்டுக்கு 9 விழுக்காடு, 20 ஆண்டுகள் என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை 8,997 ரூபாய். முதல் மாதம் கட்டும் அந்தத் தொகையில் 7,500 ரூபாய் வட்டிக்குப் போகிறது. 1,497 ரூபாய்தான் அசலில் கழிகிறது. ஓராண்டு முழுவதும் 1,07,964 ரூபாய் கட்டிய பின்னும் அசலில் குறைந்திருப்பது ஏறத்தாழ 18,700 ரூபாய் மட்டுமே. 20 ஆண்டுகள் முடியும்போது 10 லட்சத்துக்கு 21 லட்சத்து 59 ஆயிரம் கட்டியிருப்போம். இதில் வங்கி ஏமாற்றுவது ஒன்றுமில்லை. நிலுவையில் உள்ள அசலுக்குத்தான் வட்டி. அசல் பெரிதாயிருக்கும் தொடக்க ஆண்டுகளில் வட்டியும் பெரிதாயிருக்கும்.

இதிலேயே நமக்கு நம்பிக்கை தரும் செய்தியும் இருக்கிறது. தவணைக்கு மேல் நாம் கட்டும் ஒவ்வொரு ரூபாயும் நேரே அசலில் கழியும். மேற்சொன்ன கடனில் தொடக்கம் முதலே மாதம் 1,000 ரூபாய் கூடுதலாகக் கட்டினால், 240 மாதங்களில் முடிய வேண்டிய கடன் 186 மாதங்களில் முடிந்துவிடும். நாலரை ஆண்டுகள் குறைகின்றன. வட்டியில் ஏறத்தாழ 3 லட்சம் ரூபாய் மிச்சமாகிறது. 1,000 ரூபாய் என்பது நாளொன்றுக்கு 33 ரூபாய். மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டிக் கட்டுவதற்கு வங்கிகள் அபராதம் வாங்கக் கூடாது என்று இந்திய ரிசர்வ் வங்கி 2012-ஆம் ஆண்டிலேயே சொல்லிவிட்டது.

"சாமி, 33 ரூபாய்க்கு எங்கே போவது?" என்று கேட்பீர்கள். நம் பங்கில் ஒரு குடும்பம் அதற்கு விடை கண்டிருக்கிறது. அவர்கள் அனுமதியோடு, பெயர் குறிப்பிடாமல் சொல்கிறோம்.

கணவர் வேன் ஓட்டுநர். மனைவி தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவர். இருவர் வருமானமும் சேர்ந்து மாதம் 28,000 ரூபாய். பள்ளியில் படிக்கும் மகன் ஒருவன், மகள் ஒருத்தி. வீட்டுக் கடன் தவணை நாம் சொன்ன அதே 8,997. அஞ்சு வட்டிக்கு வாங்கிய 40,000 ரூபாய்க்கு மாதம் 2,000 வட்டி. வங்கியில் 60,000 ரூபாய் நகைக் கடன். அதற்கு மாதம் 450 வட்டி. பள்ளிக் கட்டணத்துக்கு எடுத்த தண்டலுக்கு நாள் 100 வீதம் மாதம் 3,000. ஆக, 14,447 ரூபாய் கடனுக்கே போய்விடும். இதில் அசல் குறைந்தது வீட்டுக் கடனிலும் தண்டலிலும்தான். மற்ற இரண்டும் வட்டியை மட்டும் தின்றுகொண்டு அப்படியே கிடந்தன.

ஒருநாள் மாலை அவர்கள் வீட்டுக்குச் சென்றபோது கணவன் மனைவிக்குள் வாய்ச்சண்டை. சமாதானம் செய்யச் சென்ற நாம், கடைசியில் மகளின் பழைய நோட்டு ஒன்றை வாங்கி, இருக்கிற கடனையெல்லாம் எழுதச் சொன்னோம். அஞ்சு வட்டிக் கடன் அன்றுவரை மனைவிக்குத் தெரியாது. அவர் அழுதார். கணவர் பேசாமல் உட்கார்ந்திருந்தார். சற்று நேரம் கழித்து அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இவ்வளவுதானே? இன்னும் ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டார். "இல்லை" என்றார் அவர். அந்த நிமிடத்தில்தான் அந்தக் கடன் தீரத் தொடங்கியது என்று நாம் நினைக்கிறோம்.

பிறகு அவர்கள் செய்தது என்ன? முதலாவதாக, ஒரு மாதம் எந்தச் செலவையும் குறைக்கவில்லை; எழுத மட்டும் செய்தார்கள். இரவு செபமாலை முடிந்ததும் அன்றைய செலவை மகள் கேட்டு எழுதுவாள். யாரும் யாரையும் கடிந்துகொள்ளக் கூடாது என்பது ஒப்பந்தம். மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தபோது அவர்களுக்கே வியப்பு. டீக்கடையிலும் மாலைப் பலகாரத்திலும் 600 ரூபாய் குறைக்கலாம் என்று தெரிந்தது. கைப்பேசிக்கும் கேபிளுக்கும் கட்டியதில் 300 ரூபாய் வீண் என்று மகனே சொன்னான். பலசரக்குக் கடையில் பற்றுக் கணக்கு வைக்காமல், பட்டியல் போட்டு ரொக்கத்துக்கு வாங்கினால் 400 ரூபாய் மிச்சம். ஆக மொத்தம் 1,300 ரூபாய். குழந்தைகளின் பாலிலும் முட்டையிலும் கைவைக்கவில்லை. வயிற்றைக் கட்டிக் கடனை அடைத்தால், பின்னால் மருத்துவருக்குக் கடன்பட நேரும்.

இரண்டாவதாக, தண்டல் முடிந்ததும் மறுபடி எடுக்கவில்லை. இதுவே மிகக் கடினமாயிருந்தது என்கிறார்கள். வசூலுக்கு வருகிறவர் வாசலில் நின்று, "இன்னொரு பத்து தரட்டுமா, அக்கா?" என்று அன்பாகக் கேட்பாராம்.

மூன்றாவதாக, விலை கூடிய கடனை விலை குறைந்த கடனாக மாற்றினார்கள். தங்கம் விலை ஏறியிருந்ததால் அதே நகையின்மேல் வங்கியில் இன்னும் 40,000 ரூபாய் கிடைத்தது. அதைக் கொண்டுபோய் அஞ்சு வட்டிக் கடனை ஒரே நாளில் அடைத்து, எழுதிக் கொடுத்திருந்த புரோநோட்டைக் கையோடு வாங்கிக் கிழித்தார்கள். மாதம் 2,000 ரூபாய் வட்டி இருந்த இடத்தில் இப்போது 300 ரூபாய். இங்கே ஓர் எச்சரிக்கை. இப்படி மாற்றும்போது மிஞ்சுகிற பணம் அசலுக்குப் போனால்தான் பயன். தங்கம் விலை ஏறியது என்று கூடுதல் கடன் வாங்கி வேறு செலவு செய்தால், நகை மேலும் ஆழத்தில் மூழ்கும்.

நான்காவதாக, கடனுக்கென்று போய்க்கொண்டிருந்த பணத்தைக் கடனை விட்டு வெளியே விடவில்லை. பழைய வட்டிகள் 2,450, தண்டலுக்குக் கட்டிய 3,000, செலவில் மிச்சம் பிடித்த 1,300 ஆகிய மூன்றும் சேர்ந்து 6,750 ரூபாய். சம்பளம் வந்த அன்றே வங்கிக்குப் போய் நகைக் கடனில் கட்டிவிடுவார்கள். மாதக் கடைசியில் மிஞ்சினால் கட்டலாம் என்று வைத்தால் எந்த வீட்டிலும் மிஞ்சாது. 1,00,000 ரூபாய் நகைக் கடன் இந்த முறையில் 16 மாதங்களில் முடிய வேண்டும். நடுவில் மகனுக்குக் காய்ச்சல் கண்டு இரண்டு மாதம் கட்ட முடியவில்லை. 18 மாதங்கள் ஆயின. அதனால் ஒன்றும் கெட்டுவிடவில்லை. தவறிய மாதத்தோடு எல்லாம் போயிற்று என்று நோட்டை மூடிவிடாமல், மூன்றாம் மாதம் மறுபடியும் போய்க் கட்டினார்கள் என்பதே நாம் கவனிக்க வேண்டியது.

நகை வீடு வந்து சேர்ந்தது. இப்போது அந்த 6,750 ரூபாயில் மாதம் 1,000 ரூபாய் வீட்டுக் கடனின் அசலுக்குப் போகிறது. 2,000 ரூபாய் அவசரத்துக்கென்று தபால் அலுவலகத்தில் சேர்கிறது. எஞ்சியதில் பிள்ளைகளின் படிப்புக்கு ஒதுக்கியது போக, வீட்டுக்குச் சற்று மூச்சுவிட இடம் கிடைத்திருக்கிறது. அவசரத்துக்குப் பணம் வைப்பது மிக முக்கியம். ஒரு காய்ச்சலும் ஒரு இறப்புமே நம் மக்களைத் திரும்பத் திரும்ப வட்டிக்காரர் வாசலுக்கு அனுப்புகின்றன.

அன்பர்களே, வங்கியில் கடன் உள்ளவர்கள் வேறு சில செய்திகளையும் மனத்தில் கொள்ளுங்கள். வட்டி ஏறும்போது வங்கி பெரும்பாலும் தவணைத் தொகையை மாற்றாமல் ஆண்டுகளைக் கூட்டிவிடும். கட்டுகிறவருக்கு அது தெரிவதே இல்லை. இதைக் கடன்காரருக்குத் தெரிவித்து, தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்று கேட்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் உத்தரவிட்டது. ஆகவே ஆண்டுக்கு ஒருமுறை நேரில் போய், "எங்கள் அசல் இன்னும் எவ்வளவு? எத்தனை மாதம்?" என்று கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம். கூடுதலாகக் கட்டும்போது, "இதை அசலில் கழித்துக் காலத்தைக் குறையுங்கள்" என்று எழுதிக் கொடுங்கள். கடன் முழுவதும் தீர்ந்தபின் 30 நாள்களுக்குள் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும். வங்கியின் தவறால் தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் கடன்காரருக்குக் கொடுக்க வேண்டும் என்பது 2023 டிசம்பர் முதல் நடைமுறைக்கு வந்த விதி. பத்திரத்தை வாங்கியதோடு நில்லாமல், வில்லங்கச் சான்று எடுத்து, அடமானப் பதிவு நீங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். தனியாரிடம் வாங்கும்போது வெற்றுத்தாளிலோ, தொகை எழுதாத புரோநோட்டிலோ, காசோலையிலோ ஒருக்காலும் கையெழுத்திடாதீர்கள். கட்டும் ஒவ்வொரு தொகைக்கும் ரசீது கேளுங்கள். கைப்பேசியில் வரும் முகம் தெரியாதவர்களின் கடன் செயலிகளை இளைஞர்கள் நாடவே வேண்டாம்.

இவையெல்லாம் தனித்தனிக் குடும்பம் செய்ய வேண்டியவை. பங்குச் சமூகமாக நாம் செய்ய வேண்டியதும் உண்டு. திருச்சபைக்கு இது புதிய வேலை அன்று. இத்தாலி நாட்டில் ஏழைகள் கடும் வட்டியில் சிக்கித் தவித்தபோது, பிரான்சிஸ்கன் துறவிகளின் முயற்சியால் 1462-ஆம் ஆண்டு பெருஜியா நகரில் ஓர் அறநிலையம் தோன்றியது. ஏழைகள் தங்கள் பொருளை அங்கே அடகு வைத்துக் குறைந்த செலவில் பணம் பெற்றார்கள். சோட்டாநாக்பூர் முண்டா மக்கள் வட்டிக்காரர்களிடம் நிலத்தை இழந்துகொண்டிருந்த காலத்தில், ஜெர்மானிய இயேசு சபைக் குரு ஹாஃப்மன் அடிகளார் 1909-ஆம் ஆண்டு ராஞ்சியில் கத்தோலிக்கக் கூட்டுறவுக் கடன் சங்கத்தைத் தொடங்கினார். நம் தமிழகமும் இதில் பின்தங்கவில்லை. 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்த அதே ஆண்டில், இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்த திரூரில் சங்கம் தொடங்கியாயிற்று. 1989-இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுயஉதவிக் குழுக்கள் இன்று எல்லா ஊர்களிலும் இருக்கின்றன. இவை அனைத்துக்கும் அடிப்படை ஒன்றே. தனியாக நின்றால் வட்டிக்காரர் முன் தலைகுனிய வேண்டும். பத்துப் பேர் சிறுகச் சேர்த்து ஒன்றாக நின்றால் தலைநிமிரலாம்.

திருமணச் செலவைப் பற்றிச் சொல்வதாகக் கூறினோம். இதில் பணக்காரர்தாம் முதலில் வழிகாட்ட வேண்டும். வசதியுள்ள வீட்டில் ஐந்து வகைக் கறியும் அலங்கார மேடையும் என்றால், அடுத்த தெருவில் இல்லாதவரும் அதற்குக் கடன் வாங்குகிறார். மணமகன் வீட்டார் நகையைக் குறித்துப் பேசும் ஒவ்வொரு சவரனும் பெண் வீட்டாரின் பத்திரத்தை அடகுக்கு அனுப்புகிறது. நம் கோயிலில் எளிய முறையில் நடக்கும் திருமணத்துக்குப் பங்கு மண்டபம் வாடகையின்றித் தரப்படும் என்று பேரவை முடிவு செய்திருக்கிறது. முதலில் வருகிற குடும்பம் வசதியுள்ள குடும்பமாக இருந்தால் நாம் மிகவும் மகிழ்வோம்.

இன்னும் ஒரு வார்த்தை. வட்டிக்குக் கொடுப்பவர்களும் இந்தக் கூட்டத்தில் இருக்கிறீர்கள். உங்களில் சிலர் இந்த விழாவுக்குத் தாராளமாகக் காணிக்கை தந்தவர்கள். உங்களை இழிவுபடுத்த நாம் இதைச் சொல்லவில்லை. அவசரத்துக்கு உதவியவர்கள் நீங்கள் என்பதும் உண்மையே. ஆனால் அசலைப் போல் இருமடங்கு, மும்மடங்கு வட்டியாக ஏற்கெனவே வாங்கிவிட்ட கணக்குகள் உங்கள் நோட்டில் இருக்கும். இந்த யூபிலி ஆண்டில் அவற்றில் ஒன்றையாவது முடித்துவிடுங்கள். பத்திரத்தையும் புரோநோட்டையும் அந்த வீட்டுக்கு நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். மணிக்கூண்டு கட்ட நீங்கள் தந்திருக்கக்கூடிய காணிக்கையைவிட அது ஆண்டவருக்கு உகந்ததாயிருக்கும்.

விழா நினைவாக ஒவ்வொரு குடும்பத்துக்கும் படம் ஒன்று கொடுக்கலாம் என்று முதலில் எண்ணியிருந்தோம். அதற்குப் பதிலாக, இன்று கூட்டம் முடிந்து போகும்போது ஆளுக்கொரு நோட்டுப் புத்தகம் தரப்படும். அட்டையில் திருக்குடும்பப் படம் இருக்கிறது. உள்ளே வெறும் கோடுகள்தாம். முதல் பக்கத்தில், கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து, இருக்கிற கடன் அத்தனையும் எழுதுங்கள். ஒன்றையும் மறைக்காதீர்கள். ஒருவரையொருவர் நோகப் பேசாதீர்கள். தச்சு வேலை செய்து பிழைத்த நாசரேத்தூர்க் குடும்பத்துக்கும் வரவு செலவு இருந்திருக்கும். அவர்களிடம் மன்றாடிவிட்டு எழுதத் தொடங்குங்கள். எழுத உதவி வேண்டுவோர் சனிக்கிழமை மாலை பங்கு அலுவலகத்துக்கு வரலாம். ஆசிரியர் பணியிலிருந்து ஓய்வு பெற்ற இருவரும் வங்கியில் பணிபுரியும் ஓர் இளைஞரும் அங்கே இருப்பார்கள். சொல்வது வெளியே போகாது.

அந்தக் கைம்பெண் தாயை முன்பு குறிப்பிட்டோம். அவர் கடைசித் தவணை 100 ரூபாயைக் கொண்டுவந்த அன்று, வின்சென்ட் தே பவுல் சபையின் தலைவர் நோட்டில் அவர் பெயருக்கு நேரே கோடு போட்டு, "தீர்ந்தது" என்று எழுதி அவரிடமே காட்டினார். அந்த அம்மாள் அதை இருமுறை படித்துவிட்டு, "பிள்ளைங்களுக்கும் காட்டணும், சாமி, நாளைக்குக் கூட்டிட்டு வரேன்" என்று சொல்லிப் போனார். சொன்னபடியே மறுநாள் இரண்டு பிள்ளைகளையும் அழைத்துவந்து காட்டினார்.

நம் பங்கின் எல்லா வீடுகளிலும் அந்தச் சொல் எழுதப்படும் நாளை ஆண்டவர் நமக்குத் தருவாராக. நம் பங்கின் பாதுகாவலியான அன்னை மரியாள் நமக்காகப் பரிந்து பேசுவாராக. ஆமென்.